அந்தலூசியா சரியத் தொடங்கியது எப்போது?

கல்முனை மாணவி கேட்கிறார்:
உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கிறேன். அந்தலூசியாவில், அதாவது ஸ்பெயினில், முஸ்லிம் ஆட்சி 711இல் தொடங்கி 1492இல் கிரனடாவோடு முடிந்தது என்று குறிப்பில் ஒரே வரி. சரிவு எங்கே தொடங்கியது? "ஒற்றுமையின்மை" என்று மட்டும் எழுதினால் எங்கள் சேர் புள்ளி தரமாட்டார்.

காத்தான்குடி வாசகன்:
1212 என்று எழுதுங்கள் தங்கச்சி. அப்போது அந்தலூசியாவை ஆண்ட வட ஆபிரிக்க வம்சமான முவஹ்ஹிதூன்கள், லாஸ் நாவாஸ் தே தொலோசா போரில் கிறிஸ்தவ மன்னர்களிடம் தோற்றார்கள். பிறகு 1236இல் குர்துபாவும் (கோர்டோபா) 1248இல் செவில்லியும் கைவிட்டுப் போயின.

சம்மாந்துறை வயற்காரன்:
தம்பி சொல்வது நோய் முற்றிய கதை. மகள், 1031ஐப் பாருங்கள். குர்துபா கிலாபத் (கலீபா ஆட்சி) கலைந்து, ஊருக்கு ஓர் அரசர் முளைத்தார். பக்கத்து முஸ்லிம் அரசருக்குப் பயந்து, வடக்கிலிருந்த கிறிஸ்தவ மன்னர்களுக்குப் பொன்னாகக் கப்பம் கட்டினார்கள். அந்தப் பொன்னில் கொழுத்த காஸ்டில் மன்னர் ஆறாம் அல்போன்சோ 1085இல் தொலேதோவைப் பிடித்தார். செவில்லி அரசர் முஃதமித் கலங்கிப்போய், மொரோக்கோவை ஆண்ட முராபிதூன்களை அழைத்தார். 1086இல் ஸல்லாகா போரில் வென்றுகொடுத்தவர்கள், 1091இல் செவில்லியையே எடுத்துக்கொண்டு அவரை மொரோக்கோவின் அக்மாத்துக்கு நாடு கடத்தினார்கள். நல்ல கவிஞர், அங்கேயே மௌத்தானார்.

ஆனால் பல வருடம் வட்டை விதானையாக (வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவனாக) இருந்தவனுக்குப் போரைவிடத் தண்ணீர்தான் கண்ணில் படும். 1238இல் வலென்சியாவைப் பிடித்த அரகோன் மன்னர் ஹைமே வாய்க்கால் முறையில் கைவைக்கவில்லை. முஸ்லிம்கள் காலத்து வழக்கப்படியே பாயட்டும் என்று விட்டுவிட்டார். அங்கே வாய்க்காலுக்கு இன்றும் பெயர் 'அசேக்கியா'. அரபியில் 'அஸ்ஸாகியா'. வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாசலில் (பழைய பள்ளிவாசல் இருந்த இடம்) எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் அமர்ந்து தண்ணீர் வழக்குக் கேட்கிறார்கள். எல்லோரும் விவசாயிகள். விசாரணையும் வாய்மொழி, தீர்ப்பும் வாய்மொழி. முறை தவறித் தண்ணீர் திருப்பியவனுக்கு அபராதம். எங்கள் வட்டையில் நான் தீர்த்ததும் இதே வழக்குத்தான். என்ன, அவர்களைப் போல எனக்குக் கறுப்பு அங்கி கிடைக்கவில்லை.

கல்முனை மாணவி:
நன்றி மாமா, 1031 என்றே தொடங்குகிறேன். வாய்க்கால் கதைக்கும் புள்ளி கிடைக்குமா?

சம்மாந்துறை வயற்காரன்:
உங்கள் சேருக்கு வயல் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.