கூர்ந்து கவனித்தால் நகைச்சுவையில் தனிப்பாணி உருவாகுமா?

கேள்வி:
மேடை நகைச்சுவைக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். எழுதுவதெல்லாம் நான் விரும்பிப் பார்க்கும் கலைஞர்களின் குரலிலேயே வந்து விழுகிறது. மனிதர்களைக் கவனித்தால் சொந்தப் பாணி அமையும் என்கிறார்கள். எதை, எவ்வாறு கவனிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்:
சார்லி சாப்ளினின் தாயார் சன்னலருகே அமர்ந்து, தெருவில் செல்வோரின் நடையையும் முகக்குறிப்பையும் அப்படியே நடித்துக் காட்டுவாராம். மனிதர்களை உற்றுநோக்கக் கற்றது அவரிடமிருந்தே என்று சாப்ளின் சொல்லியிருக்கிறார். கவனிக்க வேண்டியது நுணுக்கத்தை. லிஃப்டில் எல்லோரும் சங்கடப்படுகிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஏற்கெனவே ஒளிர்ந்துகொண்டிருக்கும் பொத்தானை, முன்னால் நிற்பவர் அழுத்தியதில் நம்பிக்கை இல்லாதவரைப்போல மீண்டும் ஒருமுறை அழுத்திவிட்டு, உடனே கூரையைப் பார்க்கத் தொடங்குபவரை எழுதினால், அந்த வரி உங்கள் கண்ணிலிருந்து பிறந்ததாக இருக்கும்.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் அது பாதி வேலைதான். அந்தப் பொத்தானைப் பத்துப் பேர் பார்த்திருக்கக்கூடும். அதைக் கண்டதும் உங்களுக்குள் எழுந்தது எரிச்சலா, கூச்சமா, இரக்கமா என்பதையும் குறிப்பேட்டில் சேர்த்து எழுதுங்கள். பல வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது ஒரே உணர்ச்சி திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பாணி அங்கிருந்துதான் முளைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் பதில்:
உங்கள் நிகழ்ச்சியையும் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். சிரிப்பு எந்தச் சொல்லுக்குப் பின் எழுந்தது என்பதைக் கவனித்து, அந்தச் சொல்லை வாக்கியத்தின் இறுதிக்கு நகர்த்திப் பாருங்கள்.