இரண்டு உரிமங்களை ஒரே மென்பொருளில் சேர்க்கலாமா? விளக்குங்கள்

வணக்கம் நண்பர்களே. என் சிறிய மென்பொருளில் பிறர் எழுதிய இரண்டு நிரல் தொகுப்புகளைச் சேர்த்திருக்கிறேன். ஒன்றின் உரிமம் ஜிபிஎல் (GPL) இரண்டாம் பதிப்பு (1991), மற்றொன்றின் உரிமம் அப்பாச்சி 2.0 (2004). இரண்டும் யாரும் பயன்படுத்த, மாற்ற, பகிர அனுமதிக்கும் கட்டற்ற உரிமங்கள்தானே என்று நம்பி மூன்று மாதம் உழைத்துவிட்டேன். பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான உரிமை) பற்றிய பிரிவுகள் காரணமாக அப்பாச்சி 2.0, ஜிபிஎல் இரண்டாம் பதிப்போடு ஒத்துப்போகாது, ஆனால் 2007-இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு ஒத்துப்போகும் என்று ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சொல்வதை இப்போதுதான் படித்தேன்.

ஜிபிஎல் கோப்புகள் பலவற்றின் தொடக்கத்தில் 'அல்லது அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்' என்ற வரி இருக்கிறது; அதனால் அவற்றை மூன்றாம் பதிப்பின்கீழ் பயன்படுத்தலாம். நான்கு கோப்புகளில் மட்டும் 'இரண்டாம் பதிப்பு' என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த அரை வரியில்தான் தவிக்கிறேன். அந்த நான்கையும் நீக்கிவிட்டால் போதுமா? எழுதியவரிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்க வேண்டுமா?

வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லை. ஆனாலும் அடுத்தவர் உழைப்பை மதித்து முறையாக வெளியிடவே விரும்புகிறேன். இதே சிக்கலைக் கடந்தவர்கள் என்ன செய்தீர்கள்?