முதலாண்டு மாணவர்களைச் சொந்தமாக எழுத வைக்க வகுப்பில் என்ன செய்கிறீர்கள்?

கயல்விழி_விரிவுரை:

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். முதலாண்டு பகுதி 1 தமிழ் எடுக்கிறேன். பி.காம்., கணிதம், கணினி அறிவியல் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பில், எழுபது பேருக்கு மேல். ஐம்பது நிமிட வகுப்பு.

கட்டுரை எழுதச் சொன்னால் பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த அதே முன்னுரை, அதே உட்தலைப்புகள், அதே முடிவுரை. நீர் மேலாண்மை என்று தலைப்புக் கொடுத்தால் அத்தனை பேரும் ஒரே குறளில்தான் தொடங்குகிறார்கள். வீட்டில் எழுதி வரச் சொன்னால் சாட்ஜிபிடி தந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் வராண்டாவில் நின்று பேசும்போது கேட்க வேண்டும்! ஒரு பெண் தன் ஊர் ஏரி உடைந்த ராத்திரியைச் சொன்னபோது சுற்றி நின்றவர்கள் நகரவே இல்லை. அதே பெண்ணின் கட்டுரையில் அந்த ஊரும் இல்லை, ஏரியும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வாரத்துக்கு ஒரு வகுப்பை எழுத்துக்கென்று ஒதுக்க முடியும். உங்கள் வகுப்பில் எது பலன் தந்தது?

பழைய_தமிழம்மா:

கயல், அந்த ஏரிப் பெண்ணிடமிருந்தே தொடங்கலாம். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் தனக்கு நடந்ததை ஐந்து நிமிடம் சொல்லட்டும். மற்றவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளட்டும், அழகுபடுத்தக் கூடாது. பிறகு அந்தத் தாளைச் சொன்னவரிடமே கொடுத்து, அதை வைத்து ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். தன் வாயிலிருந்து வந்தது தாளில் இருப்பதைப் பார்த்ததும் பயம் பாதி போய்விடும். அந்த வகுப்பில் தலைப்பே கொடுக்காதீர்கள். தலைப்பைக் கேட்டதும் பிளஸ் டூ கட்டுரை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த வாரம் வெளியே கூட்டிப்போங்கள். கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்டு, பஸ் நிறுத்தம், எதுவானாலும் சரி. கால் மணி நேரம் நின்று, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். ‘அழகான’, ‘மிகவும்’, ‘பரபரப்பான’ எல்லாம் அன்றைக்குக் கிடையாது. என் வகுப்பில் ஒரு மாணவன் முதலில் ‘கேன்டீன் எப்போதும் பரபரப்பாக இயங்கும்’ என்று எழுதியிருந்தான். திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ‘இடைவேளை மணி அடித்ததும் டீ மாஸ்டர் கிளாஸ்களை வரிசையாக வைத்து, கையை எடுக்காமல் கடைசிக் கிளாஸ் வரை ஊற்றினார், அதற்குள் மூன்று பேர் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்’ என்று எழுதி வந்தான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. இந்த வரியை எந்தச் செயலியாலும் அவனுக்கு எழுதித் தர முடியாது, ஏனென்றால் அங்கே நின்றவன் அவன்.

கரும்பலகையின் ஓரத்தில் ஒரு பட்டியல் போட்டு வைப்பேன். ‘என்றால் அது மிகையாகாது’, ‘என்பதில் ஐயமில்லை’, ‘இன்றைய நவீன உலகில்’, ‘இன்றியமையாத ஒன்றாகும்’. தங்கள் பழைய கட்டுரையில் இவற்றை அடித்துவிட்டு, மீதி என்ன இருக்கிறது என்று அவர்களே பார்க்க வேண்டும். சில தாள்களில் இரண்டு வரிதான் மிஞ்சும். அந்த இரண்டு வரியிலிருந்து திரும்ப எழுதச் சொல்வேன்.

எழுபது நோட்டையும் வாராவாரம் திருத்த நினைக்காதீர்கள், உடம்பு தாங்காது. ஒரு பிள்ளையிடம் அனுமதி வாங்கி, பெயர் சொல்லாமல், ஒரு பத்தியைப் பலகையில் எழுதுங்கள். வகுப்பிடம் இரண்டே கேள்வி: எது கண்ணுக்குத் தெரிகிறது? இன்னும் எதைத் தெரிந்துகொள்ள ஆசை? முதல் வரைவில் ஒற்றுப்பிழையை நான் தொடவே மாட்டேன்.

வணிகவியல்_சேகர்:

நான் தமிழாசிரியர் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் துறையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுத வைக்கிறோம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அது. கட்டணம் 10 ரூபாய், தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

எழுத்துப் பயிற்சிக்கு இது எப்படி உதவுகிறது என்றால், அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருக்கும் தகவலைத்தான் கேட்க முடியும். ‘எங்கள் ஊர் ரோடு ஏன் இவ்வளவு மோசம்?’ என்று கேட்டால் பயனில்லை. எந்தத் தெரு, எந்த நிதியாண்டு, எவ்வளவு ஒதுக்கீடு, வேலை உத்தரவின் நகல் என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். ஒரு மாணவர் எழுதிய மனுவைப் பக்கத்திலிருப்பவர் பொதுத் தகவல் அலுவலராக இருந்து படிப்பார். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியும் என்று தேடுவார். நழுவ இடம் இருந்தால் திருப்பி எழுத வேண்டும். பிள்ளைகள் இதில் காட்டும் ஆர்வத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

ஒற்று_முக்கியம்:

அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. பிழையைத் தொடாமல் விட்டால் எப்போது கற்பார்கள்? இவர்களில் பலர் டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போகிறவர்கள். அங்கே தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயம். ‘கறை’யும் ‘கரை’யும் மாறினால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

பழைய_தமிழம்மா:

நியாயமான கவலை ஐயா. முதல் வரைவில்தான் தொடுவதில்லை. மூன்றாவது வரைவில் கண்டிப்பாகத் தொடுவேன். அதுவும் ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழை. இந்த வாரம் ர, ற என்றால் அது மட்டும். நோட்டை மாற்றிக்கொண்டு ஒருவருக்கொருவர் பென்சிலால் வட்டம் போடுவார்கள், எழுதியவரே திருத்துவார். பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை பிழை வராத இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்கு அந்த இரண்டு வரி வேண்டாம்.

கயல்விழி_விரிவுரை:

எல்லாருக்கும் நன்றி. இந்த வியாழக்கிழமை சொல்லி எழுதும் பயிற்சியைத் தொடங்குகிறேன். அடுத்த மாதம் சேகர் சார் சொன்ன மனு. ஒரு சந்தேகம் அம்மா: சொன்ன வார்த்தையிலேயே எழுதினால் ‘வந்துச்சு’, ‘போய்ட்டாங்க’ என்றுதான் வரும். பருவத் தேர்வில் மதிப்பெண் போய்விடாதா?

பழைய_தமிழம்மா:

குறிப்பில் அப்படியே இருக்கட்டும். பத்தியாக எழுதும்போது கதை சொல்லும் வரிகளை எழுத்து நடைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஏரி உடைந்தபோது அவள் பாட்டி கத்தியிருப்பாரே, அதை மட்டும் மேற்கோள் குறிக்குள் பாட்டி சொன்னபடியே விடுங்கள். எங்கே மாற்றுவது, எங்கே விடுவது என்று அந்தப் பெண்ணையே முடிவு செய்யச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தின இரண்டு வாரம் பழைய வினாத்தாள் மாதிரியில் எழுதிப் பார்த்தால் போதும்.