கோப்பின் பெயரை நிரலகம் திருத்தலாமா?

ஆவணக்காப்பாளர்:

பழைய தமிழ்ச் சிற்றிதழ்களை மின்வருடி, இதழின் தலைப்பையே கோப்பின் பெயராக இட்டுச் சேமித்து வருகிறோம். தொடக்கத்தில் அவை மேக் கணினியோடு இணைத்த, ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளைப் பதிந்து வைக்கும் ஏற்பாடு) கொண்ட வெளிவட்டில் இருந்தன. அண்மையில் அவற்றை லினக்ஸ் சர்வருக்கு மாற்றினோம். விண்டோஸில் தட்டச்சு செய்த அட்டவணையிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து, பைத்தான் மொழியின் ஓப்பன் செயற்கூற்றால் அந்தக் கோப்பைத் திறக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். ‘கல்வி’, ‘அறிவியல்’ என்று தொடங்கும் கோப்புகள் திறக்கின்றன. ‘சோலை’, ‘பொங்கல் மலர்’ போன்றவற்றுக்கு அப்படியொரு கோப்பே இல்லை என்ற பிழை வருகிறது. அடைவை, அதாவது கோப்புகள் இருக்கும் உறையை, பட்டியலிட்டால் அதே பெயர் கண்முன் நிற்கிறது.

ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரும் பெயர்களில் மட்டுமே இந்தச் சிக்கல் இருப்பதைக் கவனித்த பிறகு காரணம் தெரிந்தது. எழுத்துகளுக்கு எண்களை வரையறுக்கும் பொதுத் தரமான யுனிகோடில், அந்தக் குறிகளை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரண்டு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். எங்கள் அட்டவணையில் இருப்பது சேர்ந்த வடிவம். வட்டிலிருந்து வந்தது பிரிந்த வடிவம். இரண்டையும் ஒன்றாகக் கொண்டு கோப்பைத் திறந்து தருவது நிரலகத்தின் (ஓப்பன் போன்ற ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பு) கடமை இல்லையா என்பதே என் கேள்வி.

அடித்தளம்:

கடமை இல்லை என்பது என் உறுதியான கருத்து. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் பொறுத்தவரை கோப்பின் பெயர் என்பது பைட்டுகளின் தொடர். சாய்கோடும் சுழியப் பைட்டும் அதில் வரக்கூடாது. ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகளில் நீளம் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. இவற்றைத் தவிர, அந்தப் பைட்டுகள் எந்த மொழியின் எழுத்துகளைக் குறிக்கின்றன என்று கெர்னல் பொதுவாகப் பார்ப்பதில்லை. ‘கோப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: சேர்ந்த வடிவில் 6 குறியெண்கள், குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18 பைட், பிரிந்த வடிவில் 7 குறியெண்கள், 21 பைட். இந்த இரண்டு பெயர்களும் ஒரே அடைவில் இரண்டு தனிக் கோப்புகளாக இருக்க முடியும். நீங்கள் தந்த பெயரை நிரலகம் தானாக மாற்றிக் கெர்னலிடம் கேட்கத் தொடங்கினால், அவற்றில் ஒன்று அந்த நிரலகத்தின் வழியே என்றைக்கும் திறக்க முடியாத கோப்பாகிவிடும்.

உங்கள் பெயர்களை மாற்றியது ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஆகும். 1998இல் வந்த அந்த முறைமை, எந்த வடிவில் பெயரைக் கொடுத்தாலும் பிரித்தே பதிந்து வைக்கும். ஓர் அடுக்கு தன் விருப்பப்படி பெயரைத் திருத்தியதால் வந்த சிக்கலுக்கு, இன்னொரு அடுக்கும் திருத்தத் தொடங்குவது தீர்வாகாது.

நிரல்மொழி:

அடித்தளம் அவர்கள் தரும் செய்திகள் சரியானவை; அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவை ஏற்க முடியவில்லை. இந்த இரு வடிவங்களும் நிகரானவை என்று யுனிகோடு தரமே வரையறுத்திருக்கிறது. திரையில் பார்ப்பவரும் அச்சில் படிப்பவரும் வேறுபடுத்த முடியாத இரண்டு பெயர்களை, நிரலகம் மட்டும் வேறு வேறு என்று பிடிவாதமாகச் சொல்வதால் பயனடைபவர் யார்?

மேலும், நிரலகம் பெயரைத் தொடாமல் கடத்துகிறது என்ற படமே பொருந்தவில்லை. பைத்தான் 3இல் கோப்புப் பெயர் இயல்பாகவே எழுத்துச் சரமாகத்தான் நிரலுக்கு வருகிறது. 2008 டிசம்பரில் வெளியான 3.0 பதிப்பில், அடைவைப் பட்டியலிடும் லிஸ்ட்டிர் செயற்கூறு, எழுத்தாக மாற்ற முடியாத பெயர்களை எந்த எச்சரிக்கையும் இன்றிப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டது. இன்றும் கோப்பை உரையாகத் திறந்தால், விண்டோஸின் இரண்டு பைட் வரிமுடிவை ஒன்றாக்கித் தருகிறது. கோப்புப் பாதைகளைக் கையாளும் பாத்லிப் நிரலகம், விண்டோஸில் இயங்கும்போது சாய்கோட்டின் திசையை மாற்றிக்கொள்கிறது. இயங்குதளங்களுக்கு இடையிலான வேறுபாடுகளை நிரலாளரிடமிருந்து மறைப்பதற்காக எழுதப்பட்ட நிரலகம், தமிழின் மூன்று உயிர்க்குறிகளில் வரும் வேறுபாட்டை மட்டும் நிரலாளரே சுமக்க வேண்டும் என்று விட்டுவிடுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

அடித்தளம்:

3.0 பதிப்பை நீங்கள் எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று, ஏனென்றால் அதிலிருந்து கற்ற பாடம்தான் என் வாதத்தின் அடிப்படை. அந்த நடத்தை குறையாக உணரப்பட்டு, 2009இல் வந்த 3.1 பதிப்பிலேயே மாற்றப்பட்டது. யுடிஎஃப்-8 ஆகப் படிக்க முடியாத ஒவ்வொரு பைட்டையும், வேறு எந்த எழுத்துக்கும் பயன்படாத ஒரு குறியெண்ணாக மாற்றி வைத்து, கெர்னலிடம் திரும்பும்போது அதே பைட்டாக மீட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அதில் வந்தது. பட்டியலில் கிடைத்த பெயரைக் கொண்டு அந்தக் கோப்பைக் கட்டாயம் திறக்க முடிய வேண்டும் என்ற உறுதிமொழிதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். இயல்பாக்கம் (நிகரான வடிவங்களை ஒரே வடிவுக்கு மாற்றுவது) செய்யும் நிரலகம் அந்த உறுதிமொழியை முறித்துவிடும்.

வரிமுடிவோடு இதை ஒப்பிட முடியாது. வரிமுடிவு கோப்பின் உள்ளடக்கம். படிக்கும்போது நினைவகத்தில் மாறினாலும் வட்டில் உள்ளது அப்படியே இருக்கும். பெயரோ கோப்பைச் சென்றடைவதற்கான திறவுகோல். ஓர் அடைவில் பிரிந்த வடிவிலும் சேர்ந்த வடிவிலும் ‘சோலை’ இருக்கிறது என்று கொள்வோம். காப்புநகல் எடுக்கும் நிரல் ஒன்று இரண்டையும் படித்து, பெயரைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றி வேறோர் இடத்தில் எழுதினால், இரண்டாவது கோப்பு முதலாவதன் மேல் எழுதப்படும். பிழைச்செய்தி எதுவும் வராது, ஆண்டுகள் கழித்து மீட்க முயலும்போதுதான் இழப்பு தெரியவரும்.

இதில் பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. 2014 டிசம்பரில் நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் திருத்தப்பட்ட ஒரு குறையை நினைவூட்டுகிறேன். ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களை ஒப்பிடும்போது கண்ணுக்குத் தெரியாத சில குறியெண்களை விலக்கிவிடும். கிட் தன் சொந்த அமைப்புகளை வைத்திருக்கும் அடைவின் பெயருக்கு நடுவில் அப்படியொரு குறியெண்ணைச் செருகி ஒருவர் களஞ்சியம் (கிட் காக்கும் கோப்புத் தொகுப்பு) உருவாக்கினால், கிட் அதை வேறு பெயர் என்று நம்பி எழுத அனுமதிக்கும். கோப்பு முறைமையோ அதே பெயர் என்று கொண்டு உண்மையான அமைப்புக் கோப்பின் மேல் எழுதிவிடும். களஞ்சியத்தைப் பிரதியெடுத்தவரின் கணினியில் தாக்குபவரின் கட்டளை இயங்க அதுவே வழியாகியது. இரண்டு பெயர்கள் ஒன்றா இல்லையா என்பதில் இரண்டு அடுக்குகள் வெவ்வேறு விடை சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நிரலகத்தையும் அந்தத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் அமர்த்தினால் அடுக்குகள் மூன்றாகிவிடும்.

ஆவணக்காப்பாளர்:

எங்களிடம் இன்னொரு வகையும் இருக்கிறது. யுனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்கு வழங்கிய டிஸ்கி குறியாக்கத்தில் பெயரிட்ட கோப்புகள் சில குறுவட்டுகளில் உள்ளன. ஜிப் பொதிகளாக வந்தவற்றைப் பைத்தானில் விரித்தால், பெயர்கள் கோடுகளும் கட்டங்களும் கிரேக்க எழுத்துகளுமாகத் தெரிகின்றன. இவற்றையும் நிரலகம் சரிசெய்ய முடியுமா?

எழுத்துருவன்:

ஜிப் பொதியில், பெயர் யுடிஎஃப்-8இல் இருப்பதாகச் சொல்லும் அடையாளப் பிட் இல்லாவிட்டால், பைத்தான் அதை ஐபிஎம் கணினிகளின் பழைய 437 குறியாக்கமாகக் கொண்டு படிக்கிறது. கட்டங்களும் கிரேக்க எழுத்துகளும் அங்கிருந்து வருபவை. அதே குறியாக்கத்தில் திருப்பி எழுதினால் மூல டிஸ்கி பைட்டுகள் இழப்பின்றிக் கிடைக்கும், அவற்றை நீங்கள் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். இது டிஸ்கி என்று அறிந்தவர் நீங்கள் மட்டுமே; பைட்டுகளைப் பார்த்து நிரலகம் அதை ஊகிக்க முடியாது.

நிரல்மொழி அவர்களின் வாதத்துக்கும் ஒரு மறுப்பு உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதெல்லாம் ஒன்றாக வேண்டும் என்றால், இயல்பாக்கம் அதைச் செய்து தராது. ‘கௌரவம்’ என்பதை ஔகாரக் குறி இட்டு எழுதுபவரும் உண்டு, எகரக் கொம்புக்குப் பின் ளகர எழுத்தையே தட்டச்சு செய்து ‘கெளரவம்’ என்று எழுதுபவரும் உண்டு. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் யுனிகோடு அவற்றை நிகரானவையாகக் கொள்வதில்லை. ‘ஸ்ரீ’யை ஸகரத்திலிருந்தும் உருவாக்கலாம், 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்திலிருந்தும் உருவாக்கலாம், அவையும் நிகரானவை அல்ல. ஒகர, ஓகாரக் குறிகளை மட்டும் நிரலகம் பார்த்துக்கொண்டால், எல்லாம் சரியாகிவிட்டது என்ற தவறான நம்பிக்கையில் பயனர் இருப்பார், அவருடைய அட்டவணையில் ‘கெளரவம்’ தொடர்ந்து காணாமலே போகும்.

நிரல்மொழி:

எழுத்துருவன் அவர்கள் சுட்டிய வரம்பு உண்மையானது. எனினும், எல்லாவற்றையும் தீர்க்க முடியாது என்பதால் தரமே தெளிவாக வரையறுத்த பகுதியையும் தீர்க்காமல் விடுவதற்கு அது காரணமாகாது.

பெயரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை; மாற்றாமல் வைத்துக்கொண்டு, தேடும்போது மட்டும் நிகரானதை ஏற்கலாம் என்கிறேன். ஹெச்எஃப்எஸ் பிளஸ்ஸுக்குப் பின் 2017இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் இன்று மேக் கணினிகளில் அப்படித்தான் இயங்குகிறது: கொடுத்த வடிவிலேயே பெயரைப் பதிகிறது, தேடும்போது இரு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்கிறது. ஐபோனில் அது முதலில் வந்தபோது இரு வடிவங்களையும் வேறாகக் கொண்டது; பின்னர் மாற்றிக்கொண்டார்கள். லினக்ஸிலும் 2019இல் வந்த 5.2 கெர்னல் முதல், ஈஎக்ஸ்டி4இல் விரும்பிய அடைவுக்கு மட்டும் இத்தகைய தேடலை அமைக்கலாம். இசட்எஃப்எஸ் முறைமையிலும் உருவாக்கும்போதே தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. ஆகவே நிரலகத்தின் ஓப்பன் செயற்கூறு முதலில் கொடுத்த பெயரை அப்படியே கேட்கட்டும்; கிடைக்காவிட்டால் மட்டும் அடைவில் நிகரான பெயரைத் தேடட்டும்; ஒன்றுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடட்டும்.

அடித்தளம்:

நீங்கள் காட்டிய எல்லா எடுத்துக்காட்டுகளிலும் அந்தத் தேடல் கோப்பு முறைமைக்கு உள்ளே நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். அங்கே அது பொருத்தமானது, ஏனென்றால் இரண்டு நிகரான பெயர்கள் ஒரே அடைவில் உருவாவதையே அந்த முறைமையால் தடுக்க முடியும். வெளியிலிருக்கும் நிரலகத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. நீங்கள் சொல்லும் முறையில், இன்று அடைவில் பிரிந்த வடிவம் மட்டும் இருப்பதால் நிரல் அதைத் திறக்கும். நாளை வேறொரு நிரல் சேர்ந்த வடிவில் ஒரு கோப்பை உருவாக்கினால், ஒரு எழுத்தும் மாறாத அதே நிரல்வரி அந்தப் புதிய கோப்பைத் திறக்கும். எந்தக் கோப்பு திறக்கும் என்பது பக்கத்தில் வேறு எது இருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிடும் நிரலகத்தை நம்பி நான் ஒரு வங்கிக் கணக்கையோ மருத்துவக் குறிப்பையோ எழுத மாட்டேன். பட்டியலைப் படிப்பதற்கும் கோப்பைத் திறப்பதற்கும் இடைப்பட்ட நொடியில் அடைவு மாறிவிடக்கூடும் என்பது அதற்கு மேல். இலட்சக்கணக்கான கோப்புகள் உள்ள அடைவில், இல்லாத ஒரு பெயரைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் படிக்க வேண்டியிருக்கும் என்ற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிகரான பெயரைத் தேடித் தரும் தனிச் செயற்கூறு ஒன்று நிரலகத்தில் இருப்பதை நான் எதிர்க்கவில்லை. தனக்குத் தேவை என்று அறிந்து அழைப்பவருக்கு அது கிடைக்கட்டும். ரஸ்ட் மொழி இந்த நேர்மையைத் தன் வகைகளிலேயே கொண்டிருக்கிறது: கோப்புப் பாதைக்கென்று தனி வகை வைத்து, அதை எழுத்துச் சரமாக மாற்றுவது தோற்கக்கூடும் என்பதை நிரலாளர் எதிர்கொண்டே தீர வேண்டும் என்று செய்திருக்கிறது.

நிரல்மொழி:

அறிந்து அழைப்பவருக்கு மட்டும் என்பதில்தான் எங்கள் கருத்து வேறுபாடு எஞ்சி நிற்கிறது. ஆங்கிலப் பெயரிடும் நிரலாளருக்கு எதையும் அறியாமலே எல்லாம் சரியாக நடக்கிறது. தமிழில் பெயரிடுபவர் யுனிகோடின் இயல்பாக்கப் படிவங்களைக் கற்ற பின்னரே ஒரு கோப்பைத் திறக்க முடிகிறது. 255 பைட் வரம்பிலும் இதே ஏற்றத்தாழ்வுதான்: ஆங்கிலத்தில் 255 எழுத்துகள், தமிழில் 85 குறியெண்கள், உயிர்க்குறியையும் புள்ளியையும் கழித்தால் எழுத்துகள் இன்னும் குறைவு. வரம்பை 255 பதினாறு பிட் அலகுகளாக எண்ணும் விண்டோஸில் ஏற்கப்படும் நீண்ட தமிழ்த் தலைப்பு, லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படுகிறது.

ஓப்பன் செயற்கூறு தானாகத் திறக்க வேண்டாம் என்ற உங்கள் வாதத்தை, அடுத்த கோப்பு வந்தால் விடை மாறிவிடும் என்ற காரணத்துக்காக ஏற்கிறேன். பிழைச்செய்தியாவது உதவட்டும். ‘இந்தப் பெயரில் கோப்பு இல்லை, நிகரான பெயரில் ஒன்று இருக்கிறது’ என்று அது சொல்லியிருந்தால் ஆவணக்காப்பாளர் இங்கே வந்து கேட்க நேர்ந்திருக்காது.

அடித்தளம்:

அதை முழுமனதோடு ஏற்கிறேன். செய்தி எதையும் மாற்றுவதில்லை. பட்டியலைப் படிக்கும் செலவைக் கருதி, பைத்தானில் 3.7 முதல் இருக்கும் உருவாக்குநர் நிலையில் (நிரலைச் சோதிக்கும்போது கூடுதல் எச்சரிக்கைகள் தரும் நிலை) மட்டும் அதை இயக்கலாம் என்பதே என் ஒரே நிபந்தனை.

ஆவணக்காப்பாளர்:

வட்டில் உள்ள பெயர்களைத் தொடாமல், ஒவ்வொன்றையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றிக் கிடைக்கும் சரத்தைத் திறவுகோலாகவும், லிஸ்ட்டிர் தந்த மூலப் பெயரை மதிப்பாகவும் வைத்து ஓர் அட்டவணை உருவாக்கினேன். நிரல் இப்போது மூலப் பெயரைக் கொண்டே திறக்கிறது. ‘கெளரவம்’ வகைப் பெயர்களைத் தனியாகத் தேடிக் கையால் இணைத்தேன். ஒரே திறவுகோலுக்கு இரண்டு கோப்புகள் வந்தால் நிரலை நிறுத்தும்படி எழுதியிருந்தேன், ‘பொங்கல் மலர்’ அடைவில் அது நின்றது. இரண்டும் ஒரே இதழின் மின்வருடல்கள். ஒன்றில் அட்டைப்படம் இல்லை, மற்றதில் கடைசிப் பக்கங்கள் இல்லை. தானாகப் பெயர் மாற்றும் கட்டளையை முதலிலேயே ஓட்டியிருந்தால் இவற்றில் ஒன்று போயிருக்கும். இரண்டையும் தனித்தனிப் பெயரில் வைத்து, பக்கங்களை ஒப்பிட்டு ஒரே முழு இதழாக்கும் பணியைத் தொடங்கியிருக்கிறோம்.