மனநல மாத்திரையைப் பக்கத்திலேயே கேட்டுக் கோவில் சார்பில் மனு கொடுக்கலாமா?

எர்ணாவூர்க்காரி:
வருகிற ஞாயிறு எங்கள் சர்ச்சின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு விஷயத்தை எடுக்கப் போகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவு நோய். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போவான், ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு தபேலா வாசிப்பான். விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் தூக்கம் போய்விடும், ராத்திரி டியூப் லைட்டை அணைக்க விடமாட்டான். அப்புறம் சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளுவான். அவன் மோந்து பார்க்க ஆரம்பித்தாலே அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான், டாக்டர்களும் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். போய் வருவதுதான் பாடு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டியிருக்கும். பிறகு மருந்துக்குத் தனி வரிசை. அவன் கூலியும் போச்சு, கூடப் போகிற என் கூலியும் போச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஐஸ் வேலையும் படுத்துவிடும். அந்த நாட்களில்தான் மாத்திரையும் தள்ளிப்போகும்.

அதே வீட்டில் அம்மாவின் சுகர் மாத்திரை மட்டும் வாசலுக்கே வந்துவிடுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், நல்ல திட்டம். தம்பியின் மாத்திரைக்கு மட்டும் ஏன் அலைய வேண்டும்?

பங்குத்தந்தை கருத்தரங்கு வைக்கலாம் என்கிறார். மரியாயின் சேனை அம்மாக்கள் நவநாள் சொல்லலாம் என்கிறார்கள். இரண்டும் நடக்கட்டும். நான் கேட்பது கோவில் லெட்டர்பேடில் ஒரு மனு. சட்டத்தில் அதற்குப் பிடிமானம் உண்டா? யாரிடம் கொடுப்பது?

விசுவாச வீரன்:
சிஸ்டர், தம்பியை எங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிவாருங்கள். இது சரீர வியாதி அல்ல. மாத்திரையை நம்பிக்கொண்டிருந்தால் விடுதலை கிடைக்காது.

எர்ணாவூர்க்காரி:
பிரதர், உங்கள் பாஸ்டருக்கு சுகர் இருந்தால் இன்சுலினை நிறுத்தச் சொல்வீர்களா? ஜெபம் பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையில் கை வைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் அப்படி நிறுத்தி, அவள் பட்டதை நாங்கள் பார்த்தோம்.

மருந்தாளுநர், தண்டையார்பேட்டை:
அக்கா, சட்டம் உங்கள் பக்கம்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதன் 18ஆம் பிரிவை அப்படியே மனுவில் போடுங்கள். மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்று அங்கே இருக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய நல மையத்திலிருந்து மேலே உள்ள அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ரிஸ்பெரிடோன், லித்தியம், ஃப்ளூஆக்ஸெடின் எல்லாம் தேசியப் பட்டியலில் உள்ளவைதான். உடல் நோய்க்கு என்ன மரியாதையோ அதே மரியாதை மனநோய்க்கும் வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. உங்கள் சுகர் மாத்திரைக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான பிரிவு கிடையாது.

ஆனால் 'எல்லா மாத்திரையும் வீட்டுக்கு வேண்டும்' என்று கேட்காதீர்கள், முதல் நாளே மறுத்துவிடுவார்கள். குளோசபின் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், லித்தியத்துக்கும் ரத்த அளவு பார்க்க வேண்டும். அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். டோஸ் மாறாமல் நிலையாக இருப்பவர்களுக்கு, மனநல மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி மாதா மாதம் பக்கத்து மையத்தில் வாங்கிக்கொள்ளும் வசதி என்று கேளுங்கள்.

மனுவுக்கு முன்னால் ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட விண்ணப்பம்) போடுங்கள். மாநகராட்சி சுகாதாரத் துறைக்கு, ரிப்பன் மாளிகை முகவரியில். திருவொற்றியூர் மண்டலத்தில் எந்த மையத்தில் எந்த மனநல மருந்து கையிருப்பு, அவ்வளவுதான் கேள்வி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கையில் அந்தக் காகிதம் இருந்தால் பேச்சே வேறு.

சுங்கச்சாவடி பாய்:
ஏர்வாடி ஞாபகம் இருக்கிறதா சகோதரி? 2001 ஆகஸ்ட் 6, அங்கே தர்கா பக்கத்து மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் போனார்கள். இன்றைய சட்டத்தில் 95ஆம் பிரிவு சங்கிலியையே தடை செய்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் பின்னால் 'தவா துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) என்று அரசு, மனநல மருத்துவர்களைக் கொண்டுவந்தது. மருந்தும் உண்டு, துவாவும் உண்டு. வருகிறவர்களை யாரும் விரட்டவில்லை.

நான் சொல்ல வருவது, கோவில் மட்டும் போனால் 'கிறிஸ்தவர்கள் கேட்கிறார்கள்' என்று ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். எங்கள் ஜமாத்தில் நான் பேசுகிறேன். உங்கள் பக்கத்து அம்மன் கோவில் நிர்வாகிகளையும் கேளுங்கள். இந்த நோய் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது.

எர்ணாவூர்க்காரி:
பாய், இது எனக்குத் தோன்றவே இல்லை. பங்கு மக்களுக்கு மட்டும் கேட்டால் அசிங்கமாகத்தான் இருக்கும்.

ஒரு சிக்கல். எத்தனை பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று மனுவில் எழுத வேண்டும், ஆனால் பெயர் கொடுக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். அதனால் அன்பியம் அன்பியமாக (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்) போய் எண்ணிக்கை மட்டும் எடுக்கப் போகிறோம். பெயரும் வேண்டாம், தெருவும் வேண்டாம். கையெழுத்து நோயாளி வீட்டார் போட வேண்டியதில்லை, பேரவை உறுப்பினர்கள் போட்டால் போதும். 'கோவிலுக்கு அரசியல் எதற்கு' என்று யாராவது எழுந்தால், ரோட்டு விளக்குக்கு இதே லெட்டர்பேடில் மனு கொடுத்தோமே, அதைக் காட்டுவேன்.

தம்பியிடமும் கேட்டேன். "என் பேரைப் போட்டுக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். இருந்தாலும் போடப் போவதில்லை.

ஆர்.டி.ஐ.யை நாளைக்கே அனுப்புகிறேன். மனு, ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில். நகல் மண்டல அலுவலகத்துக்கும் கவுன்சிலருக்கும். பாய், உங்கள் ஜமாத் லெட்டர் அதற்குள் கிடைக்குமா? திங்கள்கிழமை டோக்கனுக்கு எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும், யாருக்காவது தெரியுமா?