அப்பாவின் நாயனத்துக்கு அடியில் பேஸும் டிரம்ஸும்: கணினி இசையை எங்கிருந்து தொடங்குவது?

கமலாலயக்கரை
எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா நாகஸ்வரம் வாசிப்பவர். அவர் வாசிக்கும் கம்பீர நாட்டை ராக மல்லாரிக்கு (கோயில் புறப்பாட்டில் வாசிக்கும் உருப்படி) அடியில் பேஸும் டிரம்ஸும் சேர்த்து மூன்று நிமிடத்துக்கு ஒரு டிராக் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கேட்டு வளர்ந்த காது மட்டும் உண்டு. 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது, கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. மிடி கீபோர்டு (வாசிக்கும் ஸ்வரங்களைக் கணினிக்கு அனுப்புவது) வாங்கட்டுமா, கீபோர்டு வகுப்பில் சேரட்டுமா?

சுருதிப்பெட்டி
தம்பி, வகுப்பில் சேருங்கள். பல வருடங்களாகக் கீபோர்டு சொல்லித் தருகிறேன். கணினியில் தொடங்கிவிட்டு என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நூற்றுக்கணக்கில் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டு) இருக்கும். பேஸ் ஏன் பாட்டோடு ஒட்டவில்லை என்று கேட்டால் பதில் இருக்காது.

உங்கள் மல்லாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பீர நாட்டையில் ஐந்தே ஸ்வரம்: ஸ க ம ப நி. ரிஷபமும் தைவதமும் கிடையாது. அப்பாவின் நாயனம் இரண்டரைக் கட்டை சுருதி என்றால் ஸட்ஜம் டி ஷார்ப். லூப் தொகுப்புகளில் சாதாரணமாக வருகிற மூன்று கார்டை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) அப்படியே போட்டால், ஜி ஷார்ப் மேஜரில் சி இருக்கிறது, அது தைவதம். ஏ ஷார்ப் மேஜரில் எஃப் இருக்கிறது, அது ரிஷபம். ராகமே போய்விடும். திரையில் எல்லாம் பச்சை விளக்காகத்தான் எரியும், எந்த மென்பொருளும் எச்சரிக்காது.

இரவுப்பறவை
ஐயா சொன்ன ஸ்வரக் கணக்கு அத்தனையும் சரி. ஆனால் அதற்காக வகுப்பில் கற்று முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்வதை ஏற்க முடியவில்லை. தவறான ஸ்வரம் விழுந்தால் சொல்வதற்கு வீட்டிலேயே வித்வான் இருக்கிறார். எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?

கமலாலயக்கரை, இன்றிரவே ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை இறக்குங்கள். 60 நாள் எல்லா வசதியோடும் பயன்படுத்திப் பார்க்கலாம், பிடித்தால் தனிநபர் உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பும் நல்லதுதான், ஆனால் சேமித்த கோப்பை அதில் மறுபடி திறக்க முடியாது. எல்எம்எம்எஸ் இலவசம், ஆனால் மைக்கில் வருவதை அதில் பதிய முடியாது, நாயனம் பதிய வேண்டிய உங்களுக்கு அது உதவாது. சின்தசைசருக்கு (கணினியிலேயே ஒலி உருவாக்கும் கருவி) வைட்டலின் இலவசப் பதிப்பு போதும். மிடி கீபோர்டு இப்போது வேண்டாம். பியானோ ரோலில் (ஸ்வரங்களைப் பட்டைகளாக வரையும் திரையில்) அந்த ஐந்து ஸ்வரத்தின் வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மவுஸால் போடுங்கள். முதல் எட்டு அட்சரம் ஓடிவிட்டால் மற்றதைக் கற்கத் தானாகப் பசி வரும்.

சுருதிப்பெட்டி
ஐந்து வரிசையில் ஸ்வரம் கிடைக்கும், ஸ்வரத்தை அசைக்கும் கமகம் கிடைக்குமா? தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுவது. பியானோ ரோலில் அது ஒரு நேர்க்கோட்டுக் கட்டை.

இரவுப்பறவை
கிடைக்கும் ஐயா. 1983-இல் வந்த மிடி முறையிலேயே ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் இருக்கின்றன. வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரம்தான் வளையும், அந்த எல்லையைப் பன்னிரண்டாக வைத்துக்கொண்டால் ஒரு ஸ்தாயி முழுக்க வளைக்கலாம்.

சுருதிப்பெட்டி
படிகள் இருக்கட்டும். எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்த கைக்குத்தான் அவை உதவும். அந்தக் கை சாதகத்தில்தான் வரும். என் வாதமே அதுதான்.

மாலதி_ஒலிப்பதிவு
இருவரும் மறந்த ஒன்று: இவர் கமகத்தைக் கணினியில் செய்யவே வேண்டாம், அது அப்பாவின் மூச்சில் இருக்கிறது. அதைக் கெடுக்காமல் பதிவதுதான் முதல் வேலை. 15,000-த்தை ஒரு மைக் உள்ளீடு உள்ள ஆடியோ இண்டர்ஃபேஸுக்கும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒரு டைனமிக் மைக்குக்கும் செலவிடுங்கள்.

நாயனத்தின் அணசுக்கு (அகன்ற அடிவாய்) நேரே மைக்கை நீட்டாதீர்கள். ஐந்தாறு அடி தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள். அப்பா உச்சத்தில் ஊதும்போது மென்பொருளில் ஒலி அளவு −12 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு கோயில் புறப்பாட்டைப் பதிந்தேன். தார ஸ்தாயி அத்தனையும் வெட்டுப்பட்டுக் கரகரத்தது, பிறகு எதைச் செய்தும் மீட்க முடியவில்லை. அந்த வாசிப்பு போனது போனதுதான். இன்னும் மனசு ஆறவில்லை.

இன்னொன்று, சுருதி. மென்பொருள் ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ் என்று நிற்கும், நாயனத்தில் ஊதும் சீவாளி அப்படி நிற்காது. ட்யூனரில் அப்பாவின் ஸட்ஜத்தைப் பார்த்து, பேஸை அதற்கு இழுங்கள். ஒரு அரைஸ்வரம் என்பது 100 சென்ட், சென்ட் கணக்கில் சுருதியை நகர்த்தும் குமிழ் பெரும்பாலான சின்தசைசரில் உண்டு. நாயனத்தைப் பேஸுக்கு இழுக்காதீர்கள்.

இரவுப்பறவை
ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் க்ளிக் கேட்டுக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் டிரம்ஸ் உட்காராது.

மாலதி_ஒலிப்பதிவு
இல்லை. தவிலைக் கேட்டு வாசித்துப் பழகியவர் காதில் 'டிக் டிக்' வைத்தால் பிடி தளர்ந்துவிடும். அவர் போக்கில் வாசிக்கட்டும். பிறகு ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்று) சமத்திலும், அதாவது முதல் அடியிலும், ஒரு டெம்போக் குறி (வேகக் குறி) போட்டால் மென்பொருளின் தாளக் கட்டங்கள் அவர் பின்னால் வரும். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்றால் மூன்று நிமிடத்துக்கு 240, ஆதி தாளத்தில் 30 ஆவர்த்தனம். முப்பது குறி, ஒரு மாலை வேலை.

இரவுப்பறவை
முதல் டிராக் செய்கிறவருக்கு முப்பது குறி அதிகம். சோர்ந்து விட்டுவிடுவார் என்று பயமாக இருக்கிறது. ஜால்ராவைப் பதிந்து அதைக் காதில் கொடுத்துப் பாருங்களேன்.

கமலாலயக்கரை
பத்து நாள் கழித்து வருகிறேன். இண்டர்ஃபேஸும் மைக்கும் வாங்கிவிட்டேன். ஜால்ரா சரிவரவில்லை, இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார். அதனால் அக்கா சொன்ன குறிகள்தான். இரண்டு மாலை ஆனது. ஸட்ஜம் டி ஷார்ப்பைவிட ஏறக்குறைய 30 சென்ட் கூடுதலாக இருந்தது, பேஸை ஏற்றியதும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. சிலிர்த்துவிட்டது.

ஒரு இடத்தில் மட்டும் அழகுக்காக லூப் கார்டு ஒன்று வைத்திருந்தேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கை காட்டி நிறுத்தினார். "தைவதம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். சுருதிப்பெட்டி ஐயா சொன்ன அதே சி. எடுத்துவிட்டேன். இப்போது பேஸில் ஸ, ப மட்டும்தான்.

சுருதிப்பெட்டி
அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த மாதிரி காது பக்கத்தில் இல்லாதவர்களுக்கு நான் இன்னும் வகுப்பைத்தான் சொல்வேன். நீங்களும் வாரம் ஒரு மணி நேரமாவது அவரிடமே ஸரளி வரிசையில் (தொடக்கப் பாடம்) உட்காருங்கள்.

கமலாலயக்கரை
உட்காருகிறேன் ஐயா. அடுத்து சித்தப்பாவின் தவிலைச் சேர்க்க வேண்டும். ஒரே மைக்தான், எங்கே வைக்க?

மாலதி_ஒலிப்பதிவு
முறைப்படி வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒன்று. ஒன்றுதான் என்றால் தவிலுக்கு நேர் முன்னால் நாலடி தள்ளி, நடுவில் வையுங்கள். கழி விழும் தொப்பி அமுக்கினால் மைக்கை வலந்தலைப் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். ஒரு நிமிடம் பதிந்து கேட்டுவிட்டு மறுபடி நகர்த்துங்கள்.