வெயிலில் கொதித்து அணையும் போன்: ஐஸ் பெட்டியில் வைக்கலாமா?

காசிமேட்டுக்காரி (கேள்வி)

வணக்கம். அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். விடியற்காலை ஏலத்துக்குப் போனால் பதினோரு மணி வரைக்கும் அங்கேதான். கை எப்போதும் ஈரமாக இருப்பதால், கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் பவுச் ஒன்று வாங்கி அதில் போனைப் போட்டுக் கொடுத்தேன். தண்ணீர்த் தொல்லை தீர்ந்தது.

கத்திரி ஆரம்பித்த பிறகு வேறு தொல்லை. ஒன்பதரை ஆனால் போன் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. முதலில் திரை மங்கும், அப்புறம் எதைத் தொட்டாலும் இழுக்கும், கடைசியில் வெப்பநிலை அதிகம் என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். சரியாக அந்த நேரம் பார்த்து யாராவது ஜிபே போடுவார்கள். "போட்டாச்சுக்கா" என்பார் அவர், "வரலையேப்பா" என்பார் அம்மா. நேற்று ஒரு கிலோ வஞ்சிரத்துக்குப் பெரிய சண்டையே ஆகிவிட்டது.

அம்மாவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார். பவுச்சோடு ஐஸ் பெட்டியில் மீன் மேல் பத்து நிமிடம் வைக்கிறார், போனுக்கு உயிர் வந்துவிடுகிறது. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு, இரண்டரை வருடம் ஆகிறது. வீட்டில் சார்ஜ் போடும்போதும் சூடாகிறது. புதிது வாங்க இப்போது வழியில்லை. என்ன செய்யலாம்?

பெரம்பூர் பையன்

கூலிங் ஆப் ஏதாவது ஒன்று போடுங்கள் அக்கா. பத்து நிமிடம் ஐஸில் வைத்தால் ஒன்றும் ஆகாது. நான் என் போனை ஃபிரிட்ஜிலேயே வைத்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டை சர்வீஸ்

தம்பி, உன் போன் தப்பித்தது உன் அதிர்ஷ்டம். அதை அடுத்தவருக்கு வைத்தியமாகச் சொல்லாதே.

இங்கே வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தால் ஒரு நிமிடத்தில் வெளியே வேர்த்துவிடும். அந்த ஈரம் டம்ளரிலிருந்து கசிந்ததா? இல்லை, காற்றில் இருந்த ஈரம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த போனும் அப்படித்தான் வேர்க்கும். வெளியே வேர்த்தால் துடைத்துவிடலாம். உள்ளே போர்டு மேல், கேமரா கண்ணாடிக்குப் பின்னால் வேர்த்தால் யார் துடைப்பது? பவுச் வெளித் தண்ணீரைத்தான் தடுக்கும், உள்ளே அடைபட்டிருக்கும் காற்றின் ஈரத்தை என்ன செய்யும்? என்னிடம் வரும் போன்களில் பாதி, தண்ணீரே படவில்லை என்று சத்தியம் செய்து கொண்டு வந்தவை. திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் ஈரம் காட்டும் ஸ்டிக்கர் சிவந்திருக்கும்.

கூலிங் ஆப் என்பதும் சும்மா. போனுக்கு ஃபேன் கிடையாது, ஆப் எதைச் சுற்றவிடும்? மற்ற ஆப்களை மூடிவிட்டு, நடுவில் விளம்பரம் காட்டும். அதுவும் ஒரு சுமைதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன் மா. சுற்றியுள்ள காற்று 35 டிகிரி வரை இருந்தால் பயன்படுத்தலாம் என்று ஐபோனுக்கே அதைச் செய்கிறவர்கள் வரம்பு சொல்கிறார்கள். சென்னையில் மே மாதம் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். போனின் சூடு கண்ணாடி வழியாகவும் முதுகு வழியாகவும்தான் வெளியேற வேண்டும். நீங்கள் அதற்குப் பிளாஸ்டிக்கில் ஸ்வெட்டர் போட்டு, அம்மாவின் நெஞ்சுச் சூட்டில் ஒட்டவைத்து, முன்பக்கத்தை வெயிலுக்குக் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டிலும் சூடாகிறது என்கிறீர்களே, அதற்கு வெயில் காரணமாக இருக்க முடியாது. அதனால் இன்று ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள்.

பவுச், உறை இரண்டையும் கழற்றி, சார்ஜ் போடாமல், ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் சும்மா வையுங்கள். பிறகு தொட்டுப் பாருங்கள். அடுத்து சார்ஜ் போட்டு அரை மணி கழித்துத் தொடுங்கள். எந்த இடம் சுடுகிறது என்பதுதான் முக்கியம். பெரும்பாலான போன்களில் மேலே கேமரா பக்கம் பிராசஸர், நடுவில் பேட்டரி, கீழே சார்ஜிங் துளை. இன்னொன்று, பக்கவாட்டில் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். பின்மூடி புடைத்திருந்தாலோ திரையின் ஓரம் விலகியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அப்படி இருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

எண்ணூர் ஆட்டோ

எனக்கும் போன வருடம் இதே கதை. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டாண்டு, மேப் ஓடும், வெளிச்சம் முழுசாக, கூடவே சார்ஜரும். மணலி போய்ச் சேருவதற்குள் அணைந்துவிடும். ஸ்டாண்டைக் கீழே நிழலுக்கு இறக்கினேன். காலையில் வீட்டிலேயே 80 வரை ஏற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் சார்ஜரைக் கழற்றிவிடுகிறேன். கறுப்பு உறையையும் தூக்கிப் போட்டேன். அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் அணைந்தது, அன்றைக்கு மத்தியானம் வரை கடல்காற்றே வரவில்லை.

காசிமேட்டுக்காரி

சோதனை செய்துவிட்டேன் அண்ணா. புடைப்பு இல்லை, நல்ல வேளை. சும்மா வைத்திருந்தபோதே மேல்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. செட்டிங்கில் பேட்டரி செலவைப் பார்த்தால் ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டே இருக்கிறது! தம்பி ராத்திரி லேப்டாப்பை இணைத்துப் படிக்கிறான். தானாக அணைந்துவிடுகிறதே என்று அந்த வசதியையே எடுத்துவிட்டிருக்கிறான். அம்மா அதோடுதான் தினமும் ஏலத்துக்குப் போயிருக்கிறார்.

சார்ஜ் போட்டபோது கீழ்ப்பக்கம் கை வைக்க முடியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், துளைக்குள் பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது.

தண்டையார்பேட்டை சர்வீஸ்

அது உப்பு செய்த வேலை. மீன் தண்ணீர்க் கையோடு சார்ஜர் குத்தியிருப்பார்கள். துளைக்குள் இருக்கும் உலோகப் பின்னில் களிம்பு ஏறினால் தொடுப்பு சரியாக இருக்காது, மின்சாரம் போக இடறும், அந்த இடம் சுடும். முற்றினால் பின் கருகிவிடும். ஊசி விட்டுச் சுரண்டாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். பக்கத்துக் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், தேறாவிட்டால் சார்ஜிங் போர்டை மட்டும் மாற்றலாம். பேட்டரி, டிஸ்பிளே எல்லாம் மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரம்பூர் பையன்

இரண்டரை வருடம் ஆகிவிட்டதே அண்ணா, பேட்டரியையும் சேர்த்து மாற்றிவிட்டால் நல்லதுதானே?

தண்டையார்பேட்டை சர்வீஸ்

புடைப்பு இல்லை, நாள் முழுக்கச் சார்ஜ் நிற்கிறதென்றால் இப்போது வேண்டாம். ஆனால் 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதன் ஆயுளைத் தின்னும். அதனால்தான் பல போன்கள் சூடானதும் தாமாகவே சார்ஜை நிறுத்திக்கொள்கின்றன. அதைக் கோளாறு என்று நினைத்து வேறு சார்ஜர் மாற்றி மாற்றிக் குத்துகிறவர்கள்தான் அதிகம்.

ராயபுரம் கணக்குப்பிள்ளை

ஒரு கேள்வி. அம்மாவுக்கு அங்கே போன் எதற்கு? பணம் வந்ததா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே? சவுண்ட் பாக்ஸ் வாங்கிக் கொடுங்கள். அதற்குத் தனி சிம், தமிழிலேயே தொகையைச் சொல்லும். க்யூஆரை லேமினேட் செய்து தராசுப் பக்கம் மாட்டிவிடுங்கள். போன் பைக்குள் நிழலில் கிடக்கட்டும். மாத வாடகை கேட்பார்கள், அதை மட்டும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டுக்காரி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சுத்தம் செய்தும் தேறவில்லை, சார்ஜிங் போர்டு மாற்றியதற்கு 450 ரூபாய் ஆயிற்று. ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டுத்தான் தம்பி தூங்குகிறான். பவுச்சை எடுத்துவிட்டேன், போன் இப்போது துணிப்பையில், குடைக்குக் கீழே. ஒரு நாள்கூட அணையவில்லை.

சவுண்ட் பாக்ஸ் நேற்று வந்தது. அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, எவ்வளவு வியாபாரம் என்று பக்கத்துக் கடைக்கெல்லாம் கேட்கிறதாம். சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தேன், ஏலச் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி கூட்டிவிட்டார்.

தண்டையார்பேட்டை சர்வீஸ்

நல்லது மா. அந்தப் பெட்டியையும் நிழலில் வையுங்கள், அதற்குள்ளும் லித்தியம் பேட்டரிதான். சார்ஜிங் துளைக்கு ரப்பர் மூடி இருந்தால் பிய்த்துவிடாதீர்கள். கையைத் துடைத்துவிட்டுக் குத்தச் சொல்லுங்கள்.